கானில் ஓடுவது வெறும் மழைத்தண்ணீர்தானா?

கல்லடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர்களுடைய ஒழுங்கைக்குக் கொங்கிறீட் வீதியும் ஓரத்தில் மூடிய கானும் வரப்போகிறதாம். கானின் மறுமுனை நேரே மட்டக்களப்பு வாவிக்குள். “மழைத்தண்ணீர்தானே, வாவிக்குப் போனால் என்ன?” என்று ஊரில் பாதிப்பேர் சொல்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு வருடமும் முதல் மழை பெய்து இரண்டு மூன்று நாளில் கரையோரத் தண்ணீர் கறுத்து நாறுவதை இவர் கண்ணால் பார்த்திருக்கிறார். யார் சொல்வது சரி, கட்டும்போதே ஏதாவது செய்யலாமா, வீட்டுக்கூரைத் தண்ணீரை அந்தக் கானோடு இணைக்கலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

கான், மதகு, வீதி என்றே என் உத்தியோக காலம் முழுவதும் போனதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

இரண்டு தரப்பும் சரிதான். மார்கழி நடுவில், நான்கு நாள் விடாமல் பெய்த பிறகு கானில் ஓடுவது கிட்டத்தட்ட மழைத்தண்ணீர்தான். ஐப்பசியில் முதல் மழைக்கு, அதுவும் அதன் முதல் அரை மணி நேரத்தில் ஓடுவது வேறு சங்கதி. நாங்கள் இரண்டுக்கும் ஒரே கானைக் கட்டி, இரண்டையும் ஒரே மாதிரி வாவிக்குள் தள்ளுகிறோம். என்னைக் கேட்டால் பிழை அங்கேதான் தொடங்குகிறது.

முதல் மழையில் என்ன இருக்கிறது? மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை ஊருக்குப் பெரிய மழை இல்லை. அந்த மாதங்களில் வீதியில் விழுந்தது எல்லாம் வீதியிலேயே கிடக்கிறது: ரயர் தேய்ந்த தூள், பிரேக் தூள், ஓட்டோ நிறுத்துமிடத்தில் சொட்டிய ஒயில், மாட்டுச் சாணம், நாய்ப் பீ, மீன் வாங்கிய சொப்பிங் பையிலிருந்து வடிந்த தண்ணீர், காய்ந்த இலை, கட்டட வேலைக்குக் கொட்டிய கிறவலும் மணலும், தகரக் கூரையில் படிந்த தூசி. முதல் மழை இதை எல்லாம் ஒரே தடவையில் கழுவிக்கொண்டு போகிறது. மண் வீதி என்றால் பாதி நிலத்துக்குள் இறங்கியிருக்கும். கொங்கிறீட்டில் அப்படி இல்லை. ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை என்றால் 1 லீற்றர். உங்கள் ஒழுங்கை 200 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 மில்லிமீற்றர் மழைக்கு வீதி மட்டுமே 12,000 லீற்றர் தரும். இரண்டு பக்கத்து வீட்டுக் கூரைகளையும் முற்றத்து இன்டர்லொக் கற்களையும் சேர்த்தால் அதைப்போலப் பல மடங்கு.

ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். அடுத்த ஐப்பசி முதல் மழை தொடங்கி பத்து நிமிடத்தில் கான் தண்ணீரை ஒரு தெளிந்த போத்தலில் பிடித்து ஜன்னல் ஓரத்தில் வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் உட்கார்ந்துவிடும். மேலே மெல்லிய ஒயில் படலம் வானவில் நிறத்தில் விரியும். விடிந்து பார்த்தால் மணலுக்கு மேலே சாம்பல் நிறச் சேறு ஒரு படையாக இருக்கும். அதற்கு மேலே உள்ள தண்ணீர் தேயிலைச் சாயம் போல நிற்கும். அது நாட்கணக்கில் தெளியாது. பாரமான மணலைப் பிடிப்பது சுலபம். ஆனால் பொசுபரசும் ஈயம், நாகம் (துத்தநாகம்) போன்ற உலோகங்களும் அதிகம் ஒட்டியிருப்பது அந்த மெல்லிய சேற்றில். கானில் ஒரு குழியைக் கட்டிவிட்டு “வடிகட்டி வைத்தாயிற்று” என்று சொல்பவர்களுக்கு இந்தப் போத்தலைக் காட்ட வேண்டும்.

இப்போது வாவிக்கு வருவோம். பலர் அதை ஆறு என்றே பேச்சில் சொல்வதால் மனதுக்குள்ளும் ஓடுகிற தண்ணீராக நினைத்துவிடுகிறோம். ஓடுவதில்லை. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான இந்த வாவி கடலைத் தொடுவது இரண்டே இடங்களில்: பாலமீன்மடுப் பக்கத்து முகத்துவாரம், தெற்கே கல்லாறு. கோடையில் அலை மணலைக் கொண்டுவந்து வாயை அடைக்கும் அல்லது ஒடுக்கும். மாரியில் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கத்திலிருந்து முந்தெனி ஆறும் மற்ற ஓடைகளும் வெள்ளத்தைக் கொண்டுவந்து வாவியை நிரப்பிய பிறகுதான் வாய் உடைக்கும், அல்லது வெட்டிவிடுவார்கள். (எப்போது வெட்டுவது என்பதில் வயல்காரருக்கும் மீன்பிடிக்கிறவர்களுக்கும் நடக்கும் இழுபறி தனிக்கதை.) ஆக வருடத்திலேயே அதிக அழுக்கான தண்ணீர் கானால் வந்து சேரும் நேரத்தில்தான் வாவியில் தண்ணீர் குறைவு; கடலுக்குப் போகும் வழியும் பெரும்பாலும் ஒடுக்கம். உள்ளே விழுந்தது புளியந்தீவைச் சுற்றியும் உப்போடை, நாவற்குடா ஓரங்களிலும் அப்படியே கிடக்கும்.

கறுப்பு நிறத்துக்கும் நாற்றத்துக்கும் காரணம் இதுதான். அழுக்கில் உள்ள சேதனப் பொருட்களைத் தின்னும் பக்டீரியாக்கள் தண்ணீரில் கரைந்திருக்கும் ஒட்சிசனை முடித்துவிடுகின்றன. ஒட்சிசன் முடிந்ததும் வேறொரு வகைப் பக்டீரியாக்கள் வேலையை எடுக்கும். அவை கடல் உப்போடு வந்த சல்பேற்றைப் பாவித்து ஐதரசன் சல்பைட்டை வெளியே விடும். அழுகிய முட்டை நாற்றம் அதுதான். அது சேற்றில் உள்ள இரும்போடு சேர்ந்தால் கறுப்பு. நல்லதண்ணீர்க் குளத்தைவிட எங்கள் உவர்நீர் வாவி சீக்கிரம் கறுத்து நாறுவதற்கு இந்தச் சல்பேற்று ஒரு முக்கிய காரணம். இன்னொன்று: ஒட்சிசன் இல்லாத சேறு தான் பிடித்து வைத்திருந்த பொசுபரசைத் திரும்பத் தண்ணீருக்கு விடும். அதைத் தின்று பாசி வளரும். பாசி பகலில் ஒட்சிசனைக் கொடுத்தாலும் இரவில் எடுத்துக்கொள்ளும். மீன் செத்து மிதந்த செய்தியை அநேகமாக விடியற்காலையில் தோணியில் போகிறவர்கள்தான் முதலில் சொல்வார்கள். ஒட்சிசன் மிகக் குறைவாக இருக்கும் நேரம் அது.

நியாயமாக ஒன்றையும் சொல்லவேண்டும். வாவிக்கு வரும் தண்ணீரில் பெரும்பங்கு நகரத்துடையது அல்ல, வயல்களுடையது. யூரியாவும் களைநாசினியும் படுவான்கரையிலிருந்து வருகின்றன. அதைக் காட்டி நகரத்தார் தப்பிக்க முடியாது. வயல் தண்ணீர் பரந்த வாவியில் கலந்து வருகிறது. நகரத்தின் தண்ணீரோ ஓட்டம் குறைந்த ஒடுக்கமான மூலைகளுக்குள், குழாயால் ஊற்றியது போல விழுகிறது.

சரி, என்ன செய்யலாம்?

வெளிநாட்டுப் புத்தகங்களைப் புரட்டினால் “தண்ணீரை நிலத்துக்குள் இறக்கு” என்பதே முதல் மருந்து: ஊறுகுழி, துளையுள்ள கல், மழைத் தோட்டம். அவற்றிலேயே ஒரு நிபந்தனையும் இருக்கும். குழியின் அடிக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு மீற்றராவது காய்ந்த மண் இருக்கவேண்டும். வாவிக்கும் கடலுக்கும் இடையில் உள்ள எங்கள் எழுவான்கரையில் மார்கழியில் கிணற்றை எட்டிப் பார்த்தால் கையால் அள்ளலாம் போலத் தண்ணீர் நிற்கும். அப்போது ஊறுகுழி என்பது தண்ணீர் நிரம்பிய இன்னொரு குழி, அவ்வளவுதான். இதைக் காட்டி “எங்கள் ஊருக்கு இதெல்லாம் சரிவராது” என்று கூட்டங்களில் கையை விரிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அவர்கள் மறப்பது மாதத்தை. செப்டெம்பர் கடைசியில் அதே கிணற்றைப் பாருங்கள்; வாளி எவ்வளவு ஆழம் இறங்குகிறது? நிலம் காய்ந்து, மணல் குடிக்கத் தயாராக இருக்கும் அந்த நேரத்தில்தான் அழுக்கான மழையும் வருகிறது. மார்கழி வெள்ளத்தை நிலத்துக்குள் இறக்கத் தேவையில்லை, அது கானால் ஓடட்டும். ஐப்பசியின் முதல் சில மழைகளில் முதல் 15, 20 மில்லிமீற்றரைப் பிடித்தால் போதும். 2011 ஜனவரி வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் ஆட்களுக்குக் கான் என்றாலே வெள்ளம்தான் ஞாபகம் வரும். அகலமாக, ஆழமாக, வேகமாக என்று கேட்பார்கள். அது பிழையில்லை. ஆனால் அழுக்கைப் பிடிப்பதற்கு வேண்டியது வேறொரு சின்ன ஏற்பாடு, அது வெள்ளத்துக்குக் குறுக்கே நிற்கப்போவதும் இல்லை.

ஒழுங்கைக் கானில் அந்த ஏற்பாடு எப்படி இருக்கும் என்றால்: கான் வாவிக்குள் விழும் இடத்துக்கு 20, 30 மீற்றர் முன்பே ஒரு தொட்டி. முதலில் மணல் படிய ஒரு அறை; மண்வெட்டியோடு ஒரு ஆள் இறங்கி அள்ளக்கூடிய அகலம். அங்கிருந்து தண்ணீர் ஒரு பதிந்த பள்ளத்துக்குப் போகவேண்டும். பள்ளத்தில் சம்பு, பன் புல் வளரட்டும். தண்ணீர் அவற்றின் தண்டுகளுக்கு இடையே மெதுவாகப் பரந்து போகும்போதுதான் அந்த மெல்லிய சேறு படியும். வேரைச் சுற்றியுள்ள பக்டீரியாக்கள் நைதரசனில் ஒரு பங்கைத் தின்றுவிடும். தொட்டியின் பக்கத்துச் சுவரில், சற்று உயரத்தில், ஒரு வழிந்தோடி. சாதாரண மழை பள்ளத்துக்குள் போகும். வெள்ளம் வந்தால் வழிந்தோடியால் நேரே வாவிக்குப் போய்விடும். வீடுகளுக்குள் ஏறாது, பள்ளத்தில் படிந்ததையும் கிளறாது. கரையில் கண்டல் இருந்தால் தயவுசெய்து வெட்டவேண்டாம். கல் அடுக்கிக் கரையை “அழகுபடுத்தும்” மோகம் ஒன்று இப்போது இருக்கிறது. கண்டல் ஓரம் ஏற்கெனவே செய்யும் வேலையை அந்தக் கல்லால் செய்யமுடியாது.

இடம் எங்கே என்று கேட்பார்கள். இடம் இருந்தது. வாவி ஓரத்துப் பள்ளங்களைக் கிறவல் போட்டு நிரப்பிக் காணியாக்கிவிட்டோம். மிஞ்சியிருக்கும் ஒன்றிரண்டையாவது மாநகர சபையும் பிரதேச செயலகமும் அளந்து எல்லை போட்டால் போதும். கொழும்புக்கு 2018 இல் ஈரநில நகரம் என்ற சர்வதேச அங்கீகாரம் கிடைத்தது. அங்கே காணி விலை எங்களைவிடக் குறைவா என்ன? அம்பாறைக் கரையோரத்தில் தோணாக்கள் இருக்கின்றன. ஊருக்குள் தேங்கும் மழைநீரைக் கடலுக்குக் கொண்டுபோக இயற்கை வெட்டிய வழி. சாய்ந்தமருதுத் தோணாவின் கதை பத்திரிகை படிக்கும் எல்லோருக்கும் தெரியும்: குப்பையும் கழிவுநீரும் ஆற்றுவாழையும் நிறைந்து, தூர்வாருவதும் திரும்ப நிறைவதுமாகப் போகிறது. உள்ளே வருவதை நிறுத்தாமல் வாருவது ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுகிற வேலை.

உள்ளே வருவது என்ன என்று கண்டுபிடிக்க ஆய்வுகூடம் தேவையில்லை. ஓகஸ்ட் மாதம், மழை பெய்து ஆறேழு வாரம் ஆன ஒரு நாளில், காலை ஏழு மணிக்கு உங்கள் பகுதிக் கானைத் தொடர்ந்து நடந்து பாருங்கள். அதில் தண்ணீர் ஓடினால் அது மழைத்தண்ணீர் இல்லை. சவர்க்கார நுரை வந்தால் யாருடையதோ கிணற்றடி. கொழுப்புப் படை என்றால் சாப்பாட்டுக் கடை. சிவப்பு என்றால் கோழிக்கடை. கறுத்த வழுவழுப்பு என்றால் கராஜ். நாற்றமே சொல்லிவிடும், மலக்குழியின் வழிவு. இந்தக் கடைசி வகைதான் கான் முழுக்க மூடப்பட்டதும் பெருகும். மூடியிருந்தால் யாருக்கும் தெரியாது என்ற துணிச்சல். ஆகவே உங்கள் ஒழுங்கைக் கானுக்கு ஒவ்வொரு பத்துப் பதினைந்து அடிக்கும் ஒரு இரும்புக் கம்பி மூடி கேளுங்கள். சுத்தம் செய்யவும் உதவும், உள்ளே யார் என்ன குழாய் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கவும் உதவும்.

கடைக்காரர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. அவர்களுக்கும் வேறு வழி காட்டவேண்டும். கராஜுக்குச் செலவு குறைந்த ஏற்பாடு ஒன்று உண்டு. கழுவும் தண்ணீர் ஒரு தொட்டிக்குள் விழவேண்டும். வெளியே போகும் குழாயின் வாயை முழங்கை மூட்டுப் போட்டுக் கீழ்நோக்கி வளைத்து, தண்ணீர் மட்டத்துக்கு ஒன்றரை அடி கீழே வையுங்கள். ஒயில் மேலே மிதக்கும், கீழே உள்ள தண்ணீர் மட்டும் போகும். மிதக்கும் ஒயிலைக் கிழமைக்கு ஒருதடவை அள்ளவேண்டும். அள்ளாவிட்டால் அந்தத் தொட்டிக்கு அர்த்தமில்லை. இறைச்சி, மீன் கடைக் கழிவுநீர் எந்தக் காரணத்துக்காகவும் மழைநீர்க் கானில் சேரக்கூடாது. இலங்கையில் உள்நாட்டு நீர்நிலைக்கு விடும் கழிவுநீரின் உயிரியல் ஒட்சிசன் தேவை (அதில் உள்ள அழுக்கைத் தின்னப் பக்டீரியாக்கள் எடுக்கும் ஒட்சிசன்) லீற்றருக்கு 30 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாது என்பது பொது எல்லை. இரத்தம் கலந்த தண்ணீர் அதை நூறு மடங்காகவும் தாண்டும்.

கான் சுத்தம் செய்வதைப் பற்றி எனக்கு ஒரு பழைய ஆற்றாமை. நான் வேலை செய்த ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) ஒவ்வொரு வருடமும் மாரிக்கு முன் கான்களை வாருவோம். அள்ளிய சேற்றைக் கான் கரையிலேயே வரிசையாகக் குவிப்பார்கள், காய்ந்ததும் லொறி வந்து ஏற்றும் என்று. லொறிக்கு டீசல் இல்லை, டயர் இல்லை, சாரதி லீவு. லொறிக்கு முன் மழை வந்துவிடும். ஒரு ராத்திரியில் அத்தனை குவியலும் திரும்பக் கானுக்குள். ஒரு தடவை குவியல் ஒன்றின் மேல் சொருகிவைத்த சிவப்புத் துணிக் கம்பு மட்டும் நிமிர்ந்து நின்றது, கீழே ஒரு கைப்பிடிச் சேறு இல்லை. அந்த வருடம் அள்ளிய கூலி எல்லாம் சேற்றை நனைத்துக் காயவைத்த கூலிதான். அன்றே ஏற்ற வண்டி இல்லை என்றால் அன்று அள்ளவேண்டாம் என்று எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். கோப்பில் இருக்கும்.

இன்னொன்று, காலையில் வீதி கூட்டுகிறவர்களைக் கவனியுங்கள். கூட்டிய மண்ணையும் இலையையும் அருகில் உள்ள கான் துளைக்குள் தள்ளிவிடுவது நடக்கும். அவர்கள் மேல் பிழையில்லை; கையில் ஈர்க்குத் தும்புத்தடி மட்டும் கொடுத்தால் வேறு எங்கே போடுவது? ஒரு கைவண்டியும், செப்டெம்பர் முழுவதும் இரண்டு மடங்கு கூட்டுதலும் என்றால், நான் மேலே சொன்ன முதல் மழை அழுக்கில் ஒரு நல்ல பங்கு கானைப் பார்க்காமலே போய்விடும். கட்டுமானம் எதுவும் தேவைப்படாத வேலை இது. அதனால்தானோ என்னவோ எந்தத் திட்ட அறிக்கையிலும் இதற்குக் காசு ஒதுக்கக் காணோம்.

கடைசியாக உங்கள் கூரைத் தண்ணீர். கானோடு இணைக்கவேண்டாம். வீட்டில் உள்ள தண்ணீர்களில் மிகச் சுத்தமானது அது. அதைக் கொண்டுபோய் அழுக்கோடு கலந்து, கானை நிரப்பி, அழுக்கை வாவிக்குத் தள்ளும் விசையாக்குவது புத்தியில்லை. நிலத்துக்குள் விடுங்கள். 100 சதுர மீற்றர்க் கூரை என்றால் 15 மில்லிமீற்றர் மழைக்கு 1,500 லீற்றர். கிணற்றுக்குப் போடும் சீமெந்து வளையம், மூன்றடி விட்டம், இரண்டடி உயரம், ஒன்றுக்குள் ஏறத்தாழ 400 லீற்றர் பிடிக்கும். கூரையின் ஒவ்வொரு பாதிக்கும் இரண்டு வளையம் இறக்கினால் கணக்குச் சரி. அடியில் சீமெந்து போடவே கூடாது. மணல் திறந்தே இருக்கட்டும், மேலே ஒரு பிடி சல்லி. எங்கள் மணலில் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். மேல் மூடியை இறுக்கமாகப் போட்டு, குழாய் நுழையும் இடத்தில் நுளம்பு வலை கட்டுங்கள். மார்கழியில் நீர்மட்டம் ஏறி வளையத்துக்குள் தண்ணீர் நிற்கத்தான் செய்யும், அங்கே நுளம்பு முட்டையிட்டால் டெங்குக்கு நீங்களே தொட்டி கட்டியதாகிவிடும். நிரம்பினால் முற்றத்துப் புல்லில் வழியட்டும்.

எங்கே தோண்டுவது என்பதில் கவனம். 10 பேர்ச் காணி சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 16 மீற்றர்தான். அதற்குள் வீடு, கிணறு, மலக்குழி எல்லாம். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் 50 அடி என்று சொல்வதே பல வளவுகளில் நடைமுறையில் இல்லை. மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் கிணறும் இருக்கும். ஆகவே கூரைத்தண்ணீர்க் குழியை மலக்குழிக்குப் பக்கத்தில் தோண்டவேண்டாம். நீங்கள் விடும் தண்ணீர் மலக்குழியின் ஊற்றைத் தள்ளிக்கொண்டு கிணற்றுக்குப் போகும். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையிலும் வேண்டாம். வீதித் தண்ணீரையும் வாகனம் கழுவும் தண்ணீரையும் இந்தக் குழிக்குள் விடவே வேண்டாம்; மணல் சேற்றைப் பிடித்துக்கொண்டாலும் நைத்திரேற்றையும் கரைந்த இரசாயனங்களையும் பிடிக்காது. கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறீர்கள் என்றால், மாரி தொடங்கி ஒரு மாதத்தில் ஒருதடவை பரிசோதித்துப் பாருங்கள். குடிநீரில் 100 மில்லிலீற்றருக்கு ஈ. கோலை ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பதுதான் எங்கள் தர நியமம்.

கொங்கிறீட் ஊற்றுவதற்கு முன் ஒப்பந்தக்காரர் அச்சுப் பலகை அடிக்க வருவார். கானின் கடைசி 30 மீற்றரைப் பற்றியும் கம்பி மூடியைப் பற்றியும் பேசுவதென்றால் அதற்கு முன், வரைபடம் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் மேசையில் இருக்கும்போதே பேசுங்கள். ஊற்றிய பிறகு போனால் “அடுத்த கட்டத்தில் பார்ப்போம்” என்பார்கள். நானும் பல பேருக்கு அப்படிச் சொல்லியிருக்கிறேன்.